அக்காவின் பாய்லருக்கு எந்தத் தீ

தொண்ணூறுகளின் கடைசியில் அக்கா கொடைரோடு ஸ்டேஷனுக்கு எதிரே டீக்கடை போட்டாள். அத்தான் படுத்த படுக்கையாகிவிட்டார், குடும்பத்துக்கு வேறு வழியில்லை. கடைக்கான இடம் அத்தானின் அண்ணனுடையது. பொம்பளைக்கு எதற்கு டீக்கடை என்று முனகிக்கொண்டேதான் கொடுத்தார்.

திறப்பு நாளில் நல்ல நேரம் தப்பிவிடக் கூடாதாம். தண்ணீர் வந்து சேருமுன்பே கற்பூரம் காட்டி, செம்பு பாய்லரின் நடுக்குழாயில் கரியைக் கொட்டித் தீ மூட்டிவிட்டார்கள். காலிப் பாய்லர் காய்ந்து, குழாய் அடித்தட்டோடு சேரும் இடத்தில் இருந்த ஈயப்பற்று உருகி வழிந்துவிட்டது. அப்புறம் ஊற்றிய தண்ணீர் முழுக்கத் தரையில். காலி ஏனத்துக்குத் தீ வைக்கிறவர்களை என்னவென்று சொல்வது!

நான் திண்டுக்கல்லில் ஃபிரிட்ஜ் மெக்கானிக். வேலை முடித்துத் தாமதமாகப் போய் இறங்கியபோது அக்கா தரையில் கிடந்த தண்ணீரைக் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தாள். அத்தானின் அண்ணன்காரர் சொல்லிக்கொண்டிருந்தார்: "மொத நாளே அபசகுனம். பொழுது சாயறதுக்குள்ள ஒரு டீ போகலன்னா சாவியக் குடுத்துரு."

எனக்கு வந்ததே கோபம். மொபெட்டிலிருந்து கேஸ் டார்ச்சை அவிழ்த்தேன். மறுபடி ஈயமே வை என்றார்கள் சுற்றி நின்றவர்கள். வைத்தால், அடுத்த முறை தண்ணீர் வற்றும்போது இதே கூத்துதான். ஃபிரிட்ஜ் குழாயை ஒட்டப் போடும், ஈயத்தைவிட அதிகச் சூடு தாங்கும் வெள்ளிப் பற்றுக்கம்பியான சில்வர் ராடுதான் என்று முடிவு செய்தேன். பழைய ஈயத்தை ஒரு பொட்டு விடாமல் சுரண்டி, பற்று பிடிக்க வெங்காரம் தடவி, டார்ச்சைக் காட்டினேன். பென்சில் பருமன் குழாயைச் சிவக்க வைக்கும் தீ, அந்தப் பெரிய செம்பிடம் தோற்றுப்போனது. சூட்டையெல்லாம் உடம்பு முழுக்க இழுத்துக்கொண்டது, ராடு இளகவே இல்லை. பக்கத்து வெல்டிங் பட்டறைக்காரர் ஆக்சிஜன் கேஸ் கொண்டு வரட்டுமா என்று கேட்டார். அந்த மெல்லிய பழைய தகட்டில் அதைக் காட்டினால் ஓட்டைதான் மிஞ்சும். கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவைத்தேன்.

அண்ணன்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எரிச்சலில்தான் எனக்கு மூளை வேலை செய்தது என்று நினைக்கிறேன். பாய்லருக்குள்ளேயே ஒரு அடுப்பு இருக்கிறதே!

பாய்லரைத் தலைகீழாகக் கல் மேல் நிறுத்தச் சொன்னேன். வெந்நீர் பிடிக்கும் பைப்பின் பற்றும் ஈயம்தான், அது கழன்றுவிடாமல் ஈரச்சாக்கைச் சுற்றி, அதன்மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கச் சொன்னேன். நடுக்குழாய் நிறையக் கங்கு போட்டு அக்கா முறத்தால் விசிறினாள். செம்பு மெல்லக் கறுத்தது. உள்ளே கங்கு, வெளியே டார்ச். இப்போது ராட்டை வைத்தேன். வெண்ணெய் மாதிரி இளகி, இடுக்கைத் தேடித் தேடி ஓடி, ஒரு சுற்று முழுதும் பிடித்தது. அடடா, அந்த ஓட்டத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சத்தம் போட்டுச் சிரிக்கத் தோன்றியது.

ஆறவிட்டு, கழுவி, நிமிர்த்தித் தண்ணீர் ஊற்றினோம். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

சாயங்கால ரயில் வந்தது. மலைக்குப் போகிறவர்கள் பையும் குல்லாயுமாகக் கடையை மொய்த்துவிட்டார்கள். அக்கா ஆற்றின ஆற்றில் நுரை பொங்கியது. கூட்டத்துக்குப் பின்னாலிருந்து அண்ணன்காரர் எனக்கு ஒரு டீ போடு என்றார்.

அக்கா நிமிரக்கூட இல்லை. "செத்த நில்லுங்க, இவுகளுக்குக் குடுத்துட்டு வாரேன்."

அவர் நின்றார்.