சுருங்கிக்கொண்டே வந்த மூட்டை

என் மனைவி என்னை விட்டுத் தவணை முறையில் ஓடிக்கொண்டிருக்கிறாள் என்று முழுசாக இரண்டு வாரம் நம்பினேன். சிரிக்காதீர்கள். கையில் ஆதாரம் இருந்தது.

ஆறு எங்கள் பழைய வீட்டுக்குள் புகுந்து, போகும்போது சுவரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அதன் பிறகு ஆற்றோரத்துக் குடும்பங்களைக் காஜா பெராங்கில், மேட்டு நிலத்தில், ஒரு வரிசைப் பலகை வீடுகளில் குடிவைத்தார்கள். தண்ணீர் அங்கே ஏறி வரவேண்டுமென்றால் அதற்கே மூச்சு வாங்கும். ஆனாலும் எந்த வீட்டிலும் சாமான் மூட்டையை விட்டு வெளியே வரவில்லை. சமைத்து முடித்ததும் பானையைத் துடைத்துச் சாக்குக்குள் போட்டுவிடுவார்கள். என் மனைவியும் சேலை, வெண்கல விளக்கு, கல்யாணப் படம் எல்லாவற்றையும் ஒரு போர்வையில் கட்டிக் கதவோரம் வைத்திருந்தாள். தகரக் கூரையில் நாலு சொட்டு விழுந்தால் போதும், மூட்டைமேல் கையை வைத்து உட்கார்ந்துவிடுவாள். பேச்சு குறைந்தது. சோறும் குறைந்தது.

நான் தைரியசாலி. மழை வந்தால் மேசைமேல் ஏறி நின்று, கூரை ஒழுகுகிறதா என்று பார்ப்பதாகச் சொல்வேன்.

வெள்ளத்தன்று அவள் இடுப்பளவு தண்ணீரில் நிற்க, நான் அம்மிக்கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஏன் அம்மிக்கல் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தபோதுதான் அவள் பின்னால் வரவில்லை என்று தெரிந்தது. பக்கத்து வீட்டு மலாய்க்காரர் தன் சம்பான் படகில் ஏற்றிக் கொண்டுவந்து சேர்த்தார். அந்த அம்மிக்கல் கதையைச் சொல்லி ஊரையே சிரிக்க வைத்தேன். அவள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் போய்விடுவாள் என்ற பயம் அங்கேதான் முளைத்தது.

ஒருநாள் மத்தியானம் மறந்துவிட்டுப் போன அளவு நாடாவை எடுக்க வீட்டுக்கு வந்தேன். அவள் மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கோ போய்க்கொண்டிருந்தாள். மறுநாளிலிருந்து அவள் குளிக்கப் போகும்போதெல்லாம் கத்தரிக்காய் வாங்குகிறவன் மாதிரி மூட்டையை அமுக்கிப் பார்த்தேன். நாளுக்கு நாள் இளைத்தது. முடிவுகட்டிவிட்டேன்: செமாபோக்கில் இருக்கும் அவள் அண்ணன் வீட்டுக்கு ஒவ்வொரு சாமானாகக் கடத்துகிறாள்!

பண்டார் ஹிலிரில் நான் வேலை செய்த தையல் கடையில், பக்கத்து மிஷின் பாயிடம் மட்டும் சொன்னேன்.

"சண்ட கிண்ட போட்டீங்களாண்ணே?"

"எங்க பாய், பேசவே மாட்டேங்குறா."

"அப்ப கன்பர்ம் லா. அடுத்த தடவ பின்னாலயே போங்க. இல்லாட்டி நீங்களும் மூட்டைக்குள்ள ஏறி உக்காந்துக்கங்க."

மெர்டேக்கா சுதந்திர நாளுக்குக் கொடி தைக்கும் வேலை குவிந்திருந்த நேரம் அது. நான் அன்றைக்கு ஒரு கால்சட்டையின் இரண்டு காலையும் சேர்த்துத் தைத்து வைத்தேன்.

மறுநாள் மத்தியானம் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, கடைக்குத் திரும்புகிறவன்போல் கிளம்பி, பின்தொடர்ந்தேன். அவள் பஸ் ஓடும் சடக்குப் பக்கம் போகவில்லை. வீடுகளுக்குப் பின்னாலிருந்த ரம்புத்தான் மரத்தடிக்குப் போனாள். அங்கே எங்கள் வரிசைப் பெண்கள் அத்தனை பேரும் மூட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். ஐயோ, மொத்தமாகக் கிளம்புகிறார்கள்! காயப்போட்ட ஒரு சாரோங்குக்குப் பின்னால் ஒளிந்தேன்.

"யாரது? சாரோங்குக்குக் கீழ காலு தெரியுது" என்றாள் கடைசி வீட்டுக்காரி.

வெளியே வந்து கத்திவிட்டேன். "செமாபோக்குக்குப் போறதுன்னா சொல்லிட்டுப் போ! நானே பஸ் ஏத்தி விடுறேன்!"

"செமாபோக்கா?" என்றாள் என் மனைவி. "எங்க அண்ணி ஆக்குற சோத்த நீங்க ஒரு நாளாச்சும் தின்னுருக்கீங்களா?"

கடைசி வீட்டுக்காரிதான் விளக்கினாள். அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு. தினமும் ஆளுக்கு ஒரு சாமானை மூட்டையிலிருந்து எடுக்க வேண்டும். வெள்ளத்தன்று அது எங்கே இருந்தது, அவள் எங்கே நின்றாள் என்று சொல்ல வேண்டும். அழுகை வந்தால் அழலாம். பிறகு அந்தச் சாமான் வீட்டில் அதற்குரிய இடத்துக்குப் போய்விட வேண்டும். "திரும்ப உள்ள வச்சா, அன்னிக்கு எல்லாருக்கும் அவ தேத்தண்ணி கலக்கணும்."

"நம்ம வீட்டுக்கு ஒண்ணும் வரலியே?" என்றேன்.

"கல்யாணப் படம் ரெண்டு வாரமா செவுத்துல தொங்குது. நீங்க சோறு திங்கற எடத்துக்கு நேர் எதுருல."

நான் மூட்டையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். மரத்தடி முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள். வெள்ளத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

அன்று அவளிடம் மிஞ்சியிருந்தது ஒன்றுதான்: வெள்ளத்தன்று கட்டியிருந்த சேலை. அதன் கரையில் சேற்றுக் கறை. அதை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "நான் கூப்புட்டேன். இவருக்குக் கேக்கல. அம்மிக்கல்லத் தூக்கிட்டு ஓடினாரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாக்கு நுனியில் ஒரு வேடிக்கை தயாராக நின்றது. விழுங்கிவிட்டேன்.

"பயந்துட்டேன் புள்ள" என்றேன்.

"தெரியும்" என்றாள். "நானுந்தான்."

சாயங்காலம் நாலு மணிக்கு மழை பிடித்தது, நல்ல மழை. அவள் கதவோரம் போய் உட்காரவில்லை. உலை வைத்தாள், இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள், மழை விடுவதற்கு முன்பே தூங்கிப்போனாள்.