காலி ரோடு கேட்ட வெள்ளிக்கிழமை

கிருத்திகை பூஜைக்கு வருகிற அன்பர்களுக்கு, போன ஐப்பசியில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை காலை என் கணவர் மூச்சு விட முடியாமல் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரை அந்த நிலைக்குக் கொண்டுவந்தவள் நான்தான். இதை முதலில் சொல்லாவிட்டால், மற்றதைச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது.

அவருக்குச் சிறுநீரகம் பழுதாகி மூன்று வருஷம் ஆகிறது. திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். நாங்கள் இருப்பது மேற்கு மாம்பலம். டயாலிசிஸ் சென்டர் தி.நகரில், உஸ்மான் ரோட்டைத் தாண்டி ஒரு தெருவில். நடுவில் ரயில்வே லைன். லைனுக்கு அடியில் போகும் சப்வே வழியாகப் போனால் ஆட்டோவில் சில நாள் பத்து நிமிஷம், சில நாள் ஒரு மணி நேரம்.

அதனால்தான் போனில் டிராஃபிக் மேப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். நான் கணக்கு டீச்சராக இருந்து ரிடையர் ஆனவள். எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன். பச்சை என்றால் கிளம்பலாம், ஆரஞ்சு என்றால் பொறுத்துக்கொள்ளலாம், சிவப்பு என்றால் வேண்டாம். அடையாறில் இருக்கிற என் நாத்தனார் மயிலாப்பூருக்குக் கிளம்பினால்கூட, "அண்ணி, லஸ் எப்படி இருக்கு?" என்று எனக்கு போன் பண்ணிக் கேட்பாள். நானும் போலீஸ் கமிஷனர் மாதிரி பதில் சொல்வேன். "விளக்கேத்துறதுக்கு முன்னாடி மேப்பைக் கும்பிடறா" என்று என் கணவர் கேலி செய்வார். அவர் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவர். ஒரு நிமிஷம் தாமதமானாலும் தாங்க மாட்டார்.

அந்த வாரம் புதன்கிழமை பேய் மழை. தீபாவளி ஜவுளிக் கூட்டம் வேறு. மேப் முழுக்க ஒரே சிவப்பு. எங்களை வழக்கமாகக் கூட்டிப்போகும் ஆட்டோக்காரர் ஏழுமலை வாசலில் வந்து நின்றார்.

"கொஞ்சம் குறையட்டும்பா, சிவப்பா இருக்கு" என்றேன்.

"செவப்பா இருந்தா இன்னாமா? நவுந்துக்கினுதான் கீது. உக்காந்தா மெதுவா போய்டலாம்" என்றார்.

நான் கேட்கவில்லை. பதினோரு மணிக்கு என் கணவருக்கு மெஷின். பன்னிரண்டு ஆயிற்று, இரண்டு ஆயிற்று, நான்கு ஆயிற்று. சிவப்பு மாறவே இல்லை. மெஷினை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒரு நாள்தானே, வெள்ளிக்கிழமை சரியாகிவிடும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். நானே டாக்டர், நானே டிராஃபிக் போலீஸ்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது அவர் கால் இரண்டும் வீங்கிப்போயிருந்தன. படுக்க முடியவில்லை, பேச முடியவில்லை. சென்டருக்கு போன் செய்தேன். நர்ஸ் பதறிப்போய், "ஏன் விட்டீங்க? உடனே கூட்டிட்டு வாங்க, வெயிட் பண்ணாதீங்க" என்றார். ஆம்புலன்ஸுக்குக் கூப்பிட்டேன். எல்லா ரோட்டிலும் தண்ணீர், வர நேரமாகும் என்றார்கள். ஏழுமலை மட்டும் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார்.

மேப்பைத் திறந்தேன். எங்கும் சிவப்பு. ஆனால் சப்வேயில் மட்டும் அழகாக ஒரு பச்சைக் கோடு. முருகன் எனக்காகவே திறந்து வைத்த வழி என்று நினைத்தேன்.

ஏழுமலை எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "மா, இந்த மழைல சப்வே பச்சையா கீதுன்னா, உள்ள ஒரு வண்டியும் போலன்னு அர்த்தம். கோடம்பாக்கம் பாலத்து மேல சுத்திக்கினு போலாம்."

"சாட்டிலைட்டுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சா? நீ ஓட்டுப்பா."

அவர் வண்டியை சப்வே பக்கம் திருப்பினார். ஓட்டினார். இன்றைக்கும் அந்த வார்த்தையை நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது.

சப்வே சரிவில் இறங்கியதும் தெரிந்துவிட்டது. உள்ளே குளம் மாதிரி தண்ணீர். வண்டிகளில் இருக்கிற போன்கள் ஊர்ந்து போகிற ரோட்டைத்தான் மேப் சிவப்பாகக் காட்டும். இங்கே ஊர்வதற்கு ஒரு ஆள் இல்லை, அதனால் பச்சை. கணக்கு டீச்சருக்கு அது தோன்றவில்லை. ஏழுமலை திருப்புவதற்குள் சைலன்சரில் தண்ணீர் ஏறி ஆட்டோ நின்றுவிட்டது. அவர் இறங்கி, முட்டியளவு தண்ணீரில் நின்று, வண்டியை மேட்டுக்குத் தள்ளினார். மேப் இப்போது சுற்று வழி காட்டியது. ஒன்றே கால் மணி நேரம்.

என் கணவரின் உதடு கறுத்துக்கொண்டு வந்தது. என் கையைப் பிடித்து, மூச்சுத் திணறலுக்கு நடுவே, "விடு கமலா. வீட்டுக்குப் போயிடலாம்" என்றார். வீட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். முப்பத்தைந்து வருஷத்தில் அவர் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. கேட்டது இது ஒன்றுதான்.

எனக்கு அழுகைகூட வரவில்லை. கோபம்தான் வந்தது. "முருகா, உன்னை நான் என்ன கேட்டேன்? ஒரு ரோடு. ஒரே ஒரு காலி ரோடு. அதைக்கூடக் கொடுக்க மாட்டாயா?" என்று வாய்விட்டே கத்தினேன். இவரைக் கொன்றவள் என்று என் தலையில் எழுதிவிடாதே என்று கெஞ்சினேன். கெஞ்சிக்கொண்டே விரலால் மேப்பைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். மழைத் தண்ணீர் பட்டு ஸ்கிரீன் வேலை செய்யவில்லை. புடவையில் துடைத்தேன். மறுபடி தேய்த்தேன். அசையவே இல்லை. அப்போதுதான் நான் உடைந்துபோனேன். எனக்கு இருந்த கடைசிப் பிடியும் போய்விட்டது.

ஏழுமலை என் கையிலிருந்து போனை வாங்கி என் பைக்குள் போட்டார். "அத்த உள்ள வைமா. ஸ்டேஷன் பாலத்து மேல தூக்கிக்கினு பூடலாம். அந்தாண்ட எறங்குனா ரங்கநாதன் தெரு."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நடைபாலம் என் ஞாபகத்திலேயே இல்லை. நான் வண்டிக்கு மட்டும்தான் வழி தேடிக்கொண்டிருந்தேன். தீபாவளி சமயத்தில் ரங்கநாதன் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. அந்தக் கூட்டத்தைத் திட்டாமல் நான் ஒரு நாளும் தி.நகர் போனதில்லை.

ஏழுமலை என் கணவரை உள்ளே வைத்தபடியே ஆட்டோவை மாம்பலம் ஸ்டேஷன் வரை தள்ளினார். டீக்கடையில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி இரவல் வாங்கினார். அவரை உட்காரவைத்து, ஒரு துண்டைத் தேடி எடுத்து, விழாமல் இருக்க அவர் நெஞ்சை நாற்காலியோடு சேர்த்துக் கட்டினார். டீ குடித்துக்கொண்டிருந்த மூன்று பேர் கிளாஸை வைத்துவிட்டு வந்தார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. நான்கு பேருமாக வழுக்குகிற படியில் அவரை ஏற்றினார்கள். கையில் நான்கு ஜவுளிப் பை வைத்திருந்த ஒரு அம்மா, தான் நனைந்துகொண்டு அவருக்குக் குடை பிடித்துக்கொண்டே வந்தாள். நான் அவருடைய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

பாலத்தை விட்டு இறங்கியதும் தலை தலையாகக் கூட்டம். முடிந்தது என்று நினைத்தேன். ஏழுமலை தொண்டை கிழியக் கத்தினார். "வழி வுடு நைனா! பேஷன்ட்டு! வழி வுடு!"

முன்னால் இருந்த ஒருவர் அதைத் திருப்பிக் கத்தினார். அவருக்கு முன்னால் இருந்தவர் கத்தினார். எங்களுக்கு முன்னாலேயே அந்தக் குரல் தெருக்கோடி வரை ஓடியது. ஜனங்கள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடைச் சுவரில் ஒட்டிக்கொண்டார்கள். ஒரு நைட்டி வியாபாரி கடையையே இழுத்து ஓரம் போட்டார். தூக்குகிறவருக்குக் கை வலித்தால் கூட்டத்திலிருந்து வேறு ஒரு கை வந்து நாற்காலியைப் பிடித்தது. எத்தனை பேர் மாறினார்கள் என்று எனக்குத் தெரியாது. உஸ்மான் ரோட்டில் நின்றுபோயிருந்த கார்களுக்கும் பஸ்களுக்கும் நடுவே நாற்காலி போயிற்று. ஒரு டிரைவர் பக்கக் கண்ணாடியை மடக்கிக்கொண்டு இடம் கொடுத்தார். சென்டர் வாசலில் நர்ஸ் சக்கர நாற்காலியோடு நின்றிருந்தார். திரும்பிப் பார்த்தால், தூக்கி வந்தவர்களில் ஏழுமலையைத் தவிர ஒருவரும் இல்லை. நான் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை.

நான்கு மணி நேரம் கழித்து என் கணவர் கண் திறந்து, "கமலா, மணி என்ன?" என்று கேட்டார். அப்போதுதான் அழுதேன்.

அவர் குணமாகிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். இன்றைக்கும் வாரத்துக்கு மூன்று நாள் போகிறோம். எத்தனை நாள் போவோம் என்று தெரியாது, அந்தப் பயம் என்னை விட்டுப் போகவில்லை. ஆனால் மறுநாளே நாற்காலியைத் திருப்பிக் கொடுத்து, டீக்கடைக்காரரைக் கும்பிட்டேன். ஏழுமலையிடம் மன்னிப்புக் கேட்டேன். "வுடுமா" என்று சொல்லிவிட்டு ஆட்டோவைத் துடைக்கப் போய்விட்டார். இப்போது முதலில் அவரைக் கேட்கிறேன், பிறகுதான் மேப். சிவப்பைப் பார்த்தால் இன்னமும் பயப்படுவேன். ஆனால் அதற்குள்ளே குடை பிடித்த அந்த அம்மா மாதிரி எத்தனை பேர் நின்றுகொண்டிருக்கிறார்கள் என்றும் நினைத்துக்கொள்வேன்.

உங்களில் யாராவது எல்லா வழியும் அடைத்துப்போய் உட்கார்ந்திருந்தால், முருகனிடம் கேளுங்கள். கோபமாகவே கேளுங்கள், அவன் பொறுத்துக்கொள்வான். ஆனால் வழி எப்படி இருக்க வேண்டும் என்று நீங்களே சொல்லாதீர்கள். நான் ஆளே இல்லாத ரோடு ஒன்று கேட்டேன். அவன் கொடுக்கவில்லை. நல்லவேளை.