மகளின் குவாட்டர்பேக்கும் என் தீர்ப்பும்

அமெரிக்கக் கால்பந்தில் எல்லாக் காலத்துக்கும் சிறந்த குவாட்டர்பேக் யார் என்று நாங்கள் குடியேறிய, ஜெர்மன் பேசும் எம்மன்புரூக்கே நகரில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் நான் தீர்ப்பு வழங்கினேன். அன்றுவரை அந்த விளையாட்டில் ஓர் ஆட்டத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. அதற்காக நான் வெட்கப்படவில்லை. பட்டிமன்ற நடுவருக்கு எல்லாம் தெரிந்திருக்கத் தேவையில்லை, இரண்டு பக்கத்தையும் கேட்கத் தெரிந்தால் போதும். நான் கேட்கவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பட்டிமன்றங்களுக்கு நெடுங்காலமாக நான்தான் நடுவர். ஊரில் பட்டம் பெற்றுக் கணிதம் படிப்பித்தவன், இங்கே வந்து இழைத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை செய்து ஓய்வு பெற்றேன். தொழிற்சாலையில் என் அபிப்பிராயத்தை ஒருவரும் கேட்டதில்லை. மேடையில் நான் எழுந்து நின்றால் மண்டபமே வாய்மூடிக் காத்திருக்கும். அந்த ஐந்து நிமிடம் எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பது எனக்கு மட்டும் தெரியும்.

இங்கே பிறந்த பிள்ளைகள் சங்க விழாவுக்கு வருவதில்லை, வந்தாலும் வெளியே நின்று கைபேசியைப் பார்க்கிறார்கள் என்பது எங்கள் பழைய முறைப்பாடு. கடைசியில் தலைப்பை அவர்களே தெரிவுசெய்யட்டும் என்று விட்டோம். சிறந்த குவாட்டர்பேக் என்பவர் அதிகக் கிண்ணங்களை வென்றவரா, அதிகத் திறமை காட்டியவரா என்று அவர்கள் எழுதித் தந்தார்கள். முன்வரிசைப் பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். நான்தான் சம்மதித்தேன். இரண்டு பக்கத்திலும் பேசப்பட்ட வீரர்களின் பெயர்களை இங்கே விடுகிறேன். சொன்னால் வாசிப்பவர்களும் கட்சி பிரிந்துவிடுவார்கள்.

விளையாட்டை அறியாதவர்களுக்கு இவ்வளவு போதும். குவாட்டர்பேக் என்பவர் அணியின் மூளை. ஒவ்வொரு முறையும் பந்து முதலில் அவர் கைக்கு வரும். எதிராளிகள் அவரை விழுத்த ஓடி வருவார்கள். அதற்குள் யாருக்கு எறிவது என்று அவர் முடிவு எடுக்க வேண்டும். பந்து எதிராளிகளிடம் போனால் அவர் வெளியே வந்துவிடுவார், அவர்களைத் தடுக்க அதே அணியின் வேறு ஆட்கள் உள்ளே போவார்கள்.

திறமைதான் என்று பேசிய அணியின் தலைவி என் மகள். பிரெஞ்சு பேசும் லோசான் நகரில் மருத்துவமனையொன்றில் இயன்முறைச் சிகிச்சையாளராக இருக்கிறாள். அங்கே ஒரு பெண்கள் அணியில் அவளே குவாட்டர்பேக். ஆளை விழுத்தாமல், இடுப்பில் தொங்கும் பட்டியை இழுத்து எடுக்கும் மென்மையான வகை ஆட்டம் அது. பட்டிமன்றத்துக்கு முதல் ஒரு மாதம், வேலை முடிந்து மெட்ரோவில் போகும்போதெல்லாம் எனக்குத் தொலைபேசி எடுப்பாள்.

"அப்பா, டிஃபென்ஸுக்குத் தமிழிலை என்ன சொல்லுறது?"

"தடுக்கிற அணி எண்டு சொல்லு பிள்ளை. எல்லாருக்கும் விளங்கும்."

"முழுக்கத் தமிழிலை கதைக்கப்போறன். பாருங்கோவன்."

பத்து வயதுக்குப் பிறகு அவள் என்னோடு இவ்வளவு தமிழ் கதைத்தது அந்த மாதத்தில்தான்.

விழாவுக்கு இரண்டு நாள் முதல் சங்கச் செயலாளரைக் கடையில் கண்டேன். என்னைவிட இளையவர், வாய்க்காரர்.

"என்ன மாஸ்டர், இந்த முறை தீர்ப்புக்கு ஆக்கள் காத்திருக்கத் தேவையில்லைப் போல."

"ஏன் அப்படிச் சொல்லுறீர்?"

"மகளெல்லோ கதைக்கிறா. பேசாமல் மாலையை இப்பவே வாங்கி வைக்கட்டோ?"

பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அது உள்ளே போய்த் தைத்துவிட்டது. சனிக்கிழமை காலை, தேநீரை ஆறவிட்டுவிட்டு, சாப்பாட்டு மேசையில் இருந்து தீர்ப்பை எழுதினேன். கிண்ணம் வென்றவரே சிறந்தவர் என்று எழுதினேன். எழுதும்போது எந்தத் தயக்கமும் இருக்கவில்லை. மகளுக்கு எதிராகத் தீர்ப்பு வழங்கும் மனிதனின் நேர்மையை மண்டபம் எப்படிப் பார்க்கும் என்று யோசித்து, அதற்கேற்ற வசனங்களையும் சேர்த்தேன். மேசையைத் துடைக்க வந்த மனைவி தாளை எட்டிப் பார்த்தாள்.

"பிள்ளை இன்னும் ரயிலாலை இறங்கேல்லை. அதுக்குள்ளை தோத்துப்போனாளோ?"

"நடுவர் வேலையிலை தலையிடாதை," என்றேன்.

உண்மையைச் சொன்னால், நான் முன்கூட்டியே எழுதிய முதல் தீர்ப்பு அதுவல்ல. நல்ல முடிவுரை மேடையில் தானாக வராது. ஆகவே பல வருடங்களாக முதலே எழுதிக்கொண்டு போவதே என் வழக்கம். மற்றவர்களின் பிள்ளைகளும் என் முன்னால் வீணாகப் பேசியிருக்கிறார்கள். என் பிள்ளை வந்தபோதுதான் அது எனக்கு உறைத்தது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

மகள் பேசியபோது மண்டபம் பல முறை கைதட்டியது. அது எனக்கு நினைவிருக்கிறது. என்ன சொன்னாள் என்பது நினைவில்லை. நான் மேசைக்குக் கீழே தாளை விரித்து என் வசனங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். எதிரணித் தலைவர், வங்கியில் வேலைசெய்யும் ஓர் இளைஞர், நன்றாகத் திக்கினார். பிறகு நான் எழுந்து அவருக்கே வெற்றி என்றேன். செயலாளர் முதலில் எழுந்து கைதட்டினார். என் நேர்மை எல்லாருக்கும் பிடித்திருந்தது.

வாகனத் தரிப்பிடத்தில் மகள் என்னிடம் வந்தாள். கோபம் இல்லை. நடுவரிடம் கேட்பதுபோலவே கேட்டாள்.

"அப்பா, நான் எதிலை பிழை விட்டனான்? சொல்லுங்கோ, அடுத்த முறை திருத்துவன்."

கேட்காத பேச்சில் எந்தப் பிழையைச் சொல்வது? ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது.

"கருத்துப் பரவாயில்லை பிள்ளை. உன்ரை தமிழ்தான் காணாது. உச்சரிப்பு இடறுது."

அவள் தலையாட்டினாள். தாயைக் கட்டிப்பிடித்துவிட்டு ரயிலுக்குப் போனாள். அதன் பிறகு தொலைபேசியில் தாயோடு மட்டும் தமிழ். என்னோடு பிரெஞ்சு கலந்த ஜெர்மன். சுகம் கேட்பாள், மருந்து எடுத்தேனா என்று கேட்பாள், வைத்துவிடுவாள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. குளிர்காலம் முழுவதும் அப்படியே போனது. நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் வந்தது. அவளிடமிருந்து நான் பறித்தது ஒரு பட்டிமன்ற வெற்றியை அல்ல, என்னோடு தமிழ் பேசும் துணிவை.

வசந்தம் தொடங்கிய ஒரு ஞாயிறு, சொல்லாமல் லோசானுக்கு ரயில் ஏறினேன். என் வயதில் இதையெல்லாம் தொலைபேசியில் சொல்வது கோழைத்தனம். கதவைத் திறந்தவள் பயந்துபோனாள், தாய்க்கு ஏதும் வருத்தமோ என்று. இல்லை என்று சொல்லிவிட்டு, சப்பாத்தைக் கழற்றிக் குசினி மேசையில் இருந்தேன். கோப்பி வருவதற்கு முதலே சொன்னேன்.

"தீர்ப்பைக் காலமையே எழுதிப்போட்டுத்தான் வந்தனான். நீ கதைக்கேக்கை நான் கேக்கேல்லை. உன்ரை தமிழ் காணாது எண்டது பொய். சனம் என்னைப் பக்கச்சார்பு எண்டு சொல்லும் எண்டு பயந்தனான்."

அவள் அடுப்பை அணைத்துக் கோப்பியை என் முன்னால் வைத்தாள். பிறகு தமிழில் கேட்டாள்.

"ஒண்டும் கேக்கேல்லையோ?"

"கைதட்டினது கேட்டது."

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

"எழுதேக்கையே பிடிச்சவள்."

அவள் உதட்டைக் கடித்தாள். அழுகிறாளா, சிரிப்பை அடக்குகிறாளா என்று தெரியவில்லை. பிறகு பழக்கூடையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்தாள்.

"அப்ப இப்ப கேளுங்கோ. முழுக்க."

குளிர்சாதனப் பெட்டியில் சாய்ந்து நின்று பேசினாள். கிண்ணத்தை வெல்வது அணி என்றாள். "தடுக்கிற அணி மைதானத்திலை நிக்கேக்கை குவாட்டர்பேக் வெளியிலை வாங்கிலை குந்தியிருந்து தண்ணி குடிக்கிறான். அந்த நேரத்திலை வந்த வெற்றியை அவன்ரை கணக்கிலை எப்படிப் போடுறது?" சிறந்தவன், ஆள் இன்னும் போய்ச் சேராத இடத்துக்குப் பந்தை எறிகிறவன் என்றாள். எலுமிச்சம்பழத்தைச் சுழற்றி என் தலைக்கு மேலால் எறிந்தாள். அது கூடத்துச் சோபாவில் போய் விழுந்தது. "அங்கை ஆள் வந்து நிப்பான் எண்டு நம்பி எறியவேணும். அந்த நம்பிக்கையை எந்தக் கிண்ணமும் காட்டாது." சொல் வராத இடத்தில் பிரெஞ்சில் சொல்லிவிட்டுத் தொடர்ந்தாள். ஒரு இடத்திலும் இடறவில்லை.

"முடிஞ்சுது. தீர்ப்பைச் சொல்லுங்கோ."

அவளுக்கே வெற்றி என்று சொல்லிவிட்டால் எல்லாம் சுமுகமாகிவிடும் என்று எனக்குத் தெரியும். அது அவளுக்கு நான் வழங்கும் இரண்டாவது பொய்த் தீர்ப்பாகியிருக்கும். இந்த முறை நான் கேட்டிருந்தேன்.

"எதிரணிதான்," என்றேன்.

அவள் என்னை முறைத்தாள். "ஏன்?"

"வாங்கிலை இருந்து தண்ணி குடிக்கிறான் எண்டாய். பந்தைப் பறிகுடுக்காமல் நெடுநேரம் தன்ரை பக்கமே வைச்சிருக்கிறவன் எண்டால், தடுக்கிற அணி அவ்வளவு நேரமும் களைப்பாறுதெல்லோ? அந்தக் களைப்பாறலை ஆர் குடுத்தது? அவன் விடாத பிழையளை நீ கணக்கிலை எடுக்கேல்லை."

"அது வேறை அப்பா. மோசமான அணியிலை போய் மாட்டினவன் என்ன செய்யிறது?"

"அதுக்கு உன்னட்டைப் பதில் இருந்தால் சொல்லு. இப்ப கதைச்சதிலை அந்த வாதத்தை நீ சொல்லேல்லை."

"மண்டபத்திலை சொன்னனான். நீங்கள்தான் கேக்கேல்லை. இண்டைக்குத்தான் அதை விட்டிட்டன்."

அது சரியாக இருக்கக்கூடும். ஆனாலும் நான் தீர்ப்பை மாற்றவில்லை, இன்றும் அதில்தான் நிற்கிறேன். அவள் கதிரையை இழுத்து என் முன்னால் இருந்தாள். கோபம் தலைக்கேறியிருந்தது. விட்டுப்போன வாதத்தை முதலில் இருந்து தொடங்கினாள். நான் குறுக்கே பேச, "பொறுங்கோ, நான் இன்னும் முடிக்கேல்லை," என்றாள். ஆறிய கோப்பியைக் குடித்துக்கொண்டு பொறுத்திருந்தேன். அவள் முழுக்க முழுக்கத் தமிழில் என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள்.