ஜிம் துடைத்த சின்னத்தாயி

வைட்ஃபீல்டில் ஒரு பெரிய அபார்ட்மெண்ட். அங்கே குடியிருந்த அனந்தலக்ஷ்மி அம்மாளுக்கு ஒரு நாள் லிஃப்டுக்குள் அடக்க முடியாமல் சிறுநீர் போய்விட்டது. எழுபத்திரண்டு வயது, பாவம். கதவு திறந்தால் வெளியே நாலு பேர் நிற்கிறார்கள். உள்ளே இருந்த துப்புரவு வேலைக்காரி சின்னத்தாயி சட்டென்று தன் மாப் வாளியைக் காலால் தட்டிக் கவிழ்த்தாள். "ஐயோ, அம்மா பொடவயெல்லாம் நனச்சிட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நாலு பேரும் அவளைத்தான் திட்டினார்கள். அம்மாளை ஒருவரும் கவனிக்கவில்லை. கூட வேலை செய்த எல்லம்மாவுக்கு மட்டும் இது தெரியும். தரையைத் துடைத்தவள் அவள்தானே.

சின்னத்தாயிக்கு ஐம்பத்தெட்டு வயது. தொம்மலூரில் ஒற்றை அறையில் தனியாக இருந்தாள். வேலை போனால் தங்கவயலில் மருமகன் வீடுதான் கதி. அங்கே சோற்றோடு சொல்லையும் சேர்த்துப் போடுவார்கள். "அந்த வாசப்படிய மிதிக்க வெச்சிடாத தாயே" என்று மாரியம்மனிடம் தினமும் கேட்டுக்கொள்வாள்.

ஆனால் கான்ட்ராக்டில் ஒரு சட்டம் வந்தது. ஐம்பத்தைந்தைத் தாண்டியவர்கள் இருபது லிட்டர் தண்ணீர்க் கேனை முதல் மாடிவரை தூக்கிக் காட்டவேண்டும். ஜூன் மாதம் சின்னத்தாயி ஆறாவது படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சூப்பர்வைசர் கோவிந்தப்பா எல்லார் முன்னாலும் அவளைக் கன்னடத்தில் பாட்டி என்று கூப்பிட்டுச் சிரித்தான்.

"ஏன் அஜ்ஜி, நீ கேனைத் தூக்கறியா, கேன் உன்னத் தூக்கணுமா? தீபாவளி கழிச்சு இன்னொரு தடவ. அப்பவும் இப்படின்னா மனேகே ஹோகு, வீட்டப் பாத்துப் போய்ச் சேரு!"

அபார்ட்மெண்ட் ஜிம்மைத் துடைப்பது சின்னத்தாயி, எல்லம்மா இருவர் வேலை. ஒருமுறை கீழே விழுந்ததிலிருந்து அனந்தலக்ஷ்மி அம்மாள் அங்கே எடை தூக்கப் பழகிக்கொண்டிருந்தார். "வயசானா சதை கரையும் மேடம். தூக்கினாத்தான் நிக்கும். உங்க கால் உங்களத் தூக்கினா இன்னொருத்தர் கை எதுக்கு?" என்பான் டிரெய்னர். கண்ணாடி துடைத்தபடி சின்னத்தாயி எல்லாவற்றையும் கேட்டாள்.

அவன் போனதும், "நீயும் தூக்கிப் பாரேன், யார் கேக்கப்போறா?" என்றார் அம்மாள்.

சின்னத்தாயி இரண்டு கிலோவில் ஆரம்பித்தாள். நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தாள். வாரத்தில் மூன்று நாள், துடைக்கிற சாக்கில். பிறகு ஐந்து, பிறகு பத்து. முழங்காலைப் பிடிக்காமல் தரையிலிருந்து எழுந்த அன்று, "பாத்தியா எல்லம்மா!" என்று சின்னப் பெண் மாதிரி சிரித்தாள். பஸ் படி ஏறக் கம்பி தேவைப்படவில்லை.

ஆயுத பூஜை வந்தது. எல்லம்மா பக்தியோடு ஜிம் சாமான்களையெல்லாம் கழுவிப் பொட்டு வைத்தாள். சுவர் மூலையில் உயரத்தில் கண்காணிப்புக் கேமரா ஒன்று, ஒன்றும் தெரியாதபடி புழுதியேறி இருந்தது. அதுவும் ஆயுதம்தானே என்று ஸ்டூல் போட்டு ஏறி, பளிச்சென்று துடைத்து அதற்கும் குங்குமம் வைத்தாள்.

தீபாவளி கழிந்தது. சின்னத்தாயி கேனைத் தோளில் வைத்து ஒரே மூச்சில் மாடி ஏறி இறங்கினாள்.  கோவிந்தப்பாவின் பக்கத்தில் நின்ற அசோசியேஷன் செகரட்டரி போனை நீட்டினார். அதில் ஜிம் கேமரா பிடித்த வீடியோ: சின்னத்தாயி பத்துக் கிலோவுடன் உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தாள். முகம் தெளிவாகத் தெரிந்தது.

"ரெசிடெண்ட்ஸ் சாமான நீ தொடலாமா?"

"தெனமும் நாந்தானே சார் தொடைக்கிறேன்."

"தொடைக்கிறது வேற, தூக்கறது வேற."

"அம்மாதான் தூக்கச் சொன்னாங்க."

அனந்தலக்ஷ்மி அம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் சின்னத்தாயியைப் பார்க்கவில்லை. "எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா" என்று சொல்லிவிட்டு, யார் கையும் பிடிக்காமல் விறுவிறுவென்று நடந்துபோனார்.

அன்றைக்கே சின்னத்தாயியின் சீருடையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள்.

பஸ் ஸ்டாப்புவரை எல்லம்மா கூடவே அழுதுகொண்டு வந்தாள். "அக்கா, கேமராவத் தொடச்சது நாந்தான். சாமி சத்தியமா தெரியாம செஞ்சேன்" என்றாள்.  அடுத்த வாரம் சின்னத்தாயி தங்கவயல் போய்விட்டாள். அதன்பின் இருவரும் சந்திக்கவே இல்லை. அன்று பஸ் வந்ததும் சின்னத்தாயி படியில் ஏறி நின்று திரும்பிச் சொன்னதுதான் கடைசி:

"அழுவாத. உனக்கும் அம்பத்தி மூணு ஆவுது. ரெண்டு மூணு வருசத்துல உங்கையிலயும் கேனைக் குடுப்பான். இன்னிக்கே வீட்ல பாட்டில்ல தண்ணி ரொப்பித் தூக்க ஆரம்பி. எவ சொன்னாலும் அந்த ஜிம்முல மட்டும் தூக்காத."