மாமாவுக்கு நான் தெரிந்தெடுத்த பம்பு

மருமகன் தன் வேனில் வைத்துக்கொள்ளக் காற்றடிக்கிற பம்பு ஒன்று வாங்கப் போகிறார். ஒரு கிழமையாக வீட்டில் இதுதான் பேச்சு. இந்தக் காலத்துப் பம்பு தண்ணீர்ப் போத்தல் அளவுதான் இருக்கிறது. ஒன்றுக்கு வேனிலிருந்து வயர் கொடுக்க வேண்டுமாம். இன்னொன்று போனைப் போலச் சார்ஜ் ஏற்றினால் தானே ஓடுமாம், போதிய காற்று ஏறியதும் தானே நிற்குமாம். மருமகன் போனில் படம் காட்டுகிறார், மகள் விலையைப் பார்க்கிறாள், பேத்தி நிறத்தைப் பார்க்கிறாள்.

நான் குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். மகளுக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டில்தான் எல்லோரும் ஒன்றாக இருக்கிறோம். ஆனாலும் மருமகன் முன்னால் நின்று கதைக்கிற பழக்கம் எனக்கு வரவில்லை. தேத்தண்ணியைக்கூடப் பேத்தியிடம்தான் கொடுத்து விடுவேன்.

பேத்தி என்னை விடவில்லை. “அம்மம்மா, நீங்க சொல்லுங்க. எது நல்லம்?”

“கெதியா அடிக்கும் எண்டதுக்காக மட்டும் ஒண்ட வாங்காதீங்க” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். வேகமாக அடிப்பதை யாராவது வேண்டாம் என்பார்களா என்று எல்லோரும் சிரித்தார்கள். மருமகனும் சிரித்தார். நான் உள்ளே போய் அடுப்பைப் பார்த்தேன். எனக்கும் ஒரு பம்பு தெரிந்தெடுத்த அனுபவம் இருக்கிறது என்று சொல்லியிருந்தால் இன்னும் சிரித்திருப்பார்கள்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. செட்டிபாளையத்தில் எங்கள் வீட்டிலேதான் மாமாவும் இருந்தார். அம்மாவுக்கு ஒரே தம்பி, கல்யாணமாகாதவர். பழைய கார் ஒன்றை வைத்து, வாடகைக்கு ஆள் ஏற்றி ஹயர் ஓடினார். இந்தப் பக்கக் கதவை அடித்துச் சாத்தினால் அந்தப் பக்கக் கதவு திறந்துகொள்ளும், அப்படியொரு கார். எங்கள் ஊரின் பெரிய நிலக்காரரான போடியாருக்குக் கரடியனாற்றுப் பக்கம் பெரிய வட்டை, கண்ணுக்கு எட்டிய மட்டும் வயல். சனிக்கிழமைதோறும் மாமா அவரை விடியவே ஏற்றிப்போய் வயலில் இறக்கிவிட வேண்டும். பிறகு செங்கலடிக் கடைகளில் அவர் சொன்ன சாமான்களை வாங்கிக்கொண்டு பத்து மணிக்குத் திரும்பிப்போய் அவரை ஏற்ற வேண்டும்.

அந்தப் பத்து மணி ஒருநாளும் பத்து மணிக்கு வந்ததில்லை. வயலுக்கும் செங்கலடிக்கும் நடுவில் டயரில் காற்றுப் போய்விடும். மாமாவிடம் இருந்ததோ சைக்கிள் பம்பு. அதன் வாய் தேய்ந்து, டயரில் நிற்காமல் கழன்று கழன்று விழும். ஒருவர் குந்தியிருந்து அதை இறுக்கிப் பிடித்தால்தான் மற்றவர் அடிக்கலாம். “அக்கா, வாய் பிடிக்க ஒரு ஆள் வேணும், புள்ளய விடுங்க” என்று சொல்லி மாமா என்னையும் ஏற்றிக்கொள்வார். பள்ளிக்கூடம் இல்லாத நாள். எனக்கு அதைவிட என்ன வேண்டும்?

காற்றுப் போகிற இடம் எப்போதும் ஒன்றுதான். தெருவோரம் ஒரு மருதமரம், அதை ஒட்டி ஒரு வேலி, வேலிக்குள் ஒரு வீடு. அந்த இடம் வந்ததும் மாமா காரை நிறுத்தி, “அந்தா மயில் நிக்குது, போய்ப் பார்த்திட்டு வா” என்பார். மயில் நிற்பதும் உண்டு, நிற்காததும் உண்டு. திரும்பி வந்து பார்த்தால் டயர் சூம்பிப்போய் இருக்கும். மாடு எப்படிப் பழகிய இடத்தில் போய் நிற்குமோ அப்படி டயரும் பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வீட்டில் ஒரு தாயும் மகளும் இருந்தார்கள். மகளை நான் அக்கா என்பேன். மாமா ஐம்பது அடி அடித்துவிட்டு மரத்தடியில் உட்காருவார். அக்கா செம்பில் தண்ணீர் கொண்டு வருவார். இன்னும் ஐம்பது அடித்தால் தேத்தண்ணி வரும். எனக்கு அவித்த சோளன்.

“இண்டைக்கும் காத்தா?”

“இண்டைக்கும்தான்.”

“டயர மாத்தினா என்ன?”

“டயர் நல்ல டயர். ரோட்டுத்தான் சரியில்ல.”

“ரோட்டு எங்கட வாசலில மட்டும்தான் சரியில்லையாக்கும்.”

மாமா உடனே எழும்பிப்போய் அடிப்பார்.

ஒருநாள் அந்தத் தாய் வெளியே வந்து என் பக்கத்தில் குந்தினார். யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்துவிட்டு, “நீங்க என்ன குடி மகள்?” என்று கேட்டார். எங்கள் பகுதியில் குடி தாய்வழியாக வருவது. அம்மாவின் குடிதான் பிள்ளைக்கும். ஒரே குடியில் பிறந்தவர்கள் அண்ணன் தங்கை முறை, கட்டிக்கொள்ளக் கூடாது. இதெல்லாம் எனக்கும் தெரிந்த விஷயம்தான். நான் குடியின் பேரைச் சொன்னேன்.

“அப்ப நாமெல்லாம் ஒரே குடிதான் மகள். உன்ர மாமா இவளுக்கு அண்ணன்” என்றார் அவர். என்னிடம் சொன்னாலும் பார்வை தன் மகள் மேல்தான் இருந்தது. அக்கா செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மாமா நிற்காமல் எண்பது அடி அடித்தார்.

எனக்கோ பெரிய சந்தோஷம். மாமாவுக்குத் தங்கை என்றால் எனக்குச் சின்னம்மா அல்லவா? அடுத்த கிழமை “சின்னம்மா” என்று கூப்பிட்டேன். “அக்கா எண்டே கூப்பிடுகா” என்றார். என்னைப் போலவே அவருக்கும் கூச்சம் போல என்று நினைத்தேன்.

கடைசியில் போடியார் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். “தங்கச்சி, உன்ர தம்பியப் பார்த்துப் பார்த்து வெயிலில நான் கருவாடாக் காயுறன். இன்னும் இப்பிடியெண்டா நான் வேற கார் பார்ப்பன்.”

சனிக்கிழமை ஹயர்தான் மாமாவுக்கு நிரந்தரமானது. அம்மா பயந்துபோய், காருக்கென்று ஒரு நல்ல பம்பு வாங்கும்படி மாமாவைப் பிடித்து அனுப்பினார். என்னையும் கூட அனுப்பினார். “கெதியா அடிக்கிறதாப் பாரு. அவன் மலிவப் பார்த்து வாங்கிருவான்.”

காத்தான்குடியில் ஒரு கடை. கடைக்கார நானா இரண்டு பம்புகளை எடுத்து வைத்தார். ஒன்று கையால் அடிப்பது, ஒல்லியானது. மற்றது காலால் மிதிப்பது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குழாய், நடுவில் மணிக்கூடு போல ஒரு முள். அதன் வாய் டயரைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும், ஆள் பிடிக்கத் தேவையில்லை.

மாமா கைப்பம்பைத்தான் தடவிக்கொண்டு நின்றார். “இது போதும் நானா.”

“அது மோட்டார் சைக்கிளுக்குத் தம்பி. காருக்கு அடிச்சா உங்கட இடுப்பு விட்டுரும். இதப் பாருங்க” என்று நானா கால் பம்பைத் தூக்கிவந்து எங்கள் கார் டயரிலேயே மாட்டி மிதித்துக் காட்டினார். நான் எண்ணினேன். ஒரு நூறு மிதியில் டயர் கல்லுப்போல ஆகிவிட்டது.

“பாரமாக் கிடக்கு” என்றார் மாமா.

“நீங்களா சுமக்கப் போறீங்க? கார்தானே சுமக்கும்.”

“டிக்கியில இடம் காணாது.”

“சீட்டுக்குக் கீழ வைங்க.”

“இவ்வளவு கெதியா அடிச்சா டியூப் வெடிச்சிராதா?”

நானா மாமாவை ஒருமாதிரிப் பார்த்தார். “தம்பி, முப்பது வருஷமாச் சாமான் விக்கன். பம்பு கெதியா அடிக்கிது எண்டு குறை சொன்ன ஆள் நீங்கதான்.”

கடைகளில் நான் வாய் திறப்பதில்லை. அன்று திறந்தேன். “மாமா, இத வாங்குவம். இதெண்டா நீங்க களைக்க மாட்டீங்க. அம்மாவும் கெதியா அடிக்கிறதத்தான் வாங்கச் சொன்ன.”

மாமா என்னை வெகுநேரம் பார்த்தார். என் மேல் எவ்வளவு பாசம் என்று நினைத்தேன். பிறகு கால் பம்பையே வாங்கினார்.

அடுத்த சனிக்கிழமையும் மருதமரத்தடியில் காற்றுப் போனது. மாமா புதுப் பம்பை மாட்டி மிதித்தார். அக்கா செம்போடு வாசலைத் தாண்டி வேலிக்கு வருவதற்குள் டயர் நிறைந்துவிட்டது.

“முடிஞ்சுதா?” என்றார் அக்கா.

“ஓம்.”

“நல்ல பம்பு.”

“நான்தான் தெரிஞ்செடுத்த” என்றேன் நான்.

“நீ கெட்டிக்காரி” என்று சொல்லிச் செம்பை என்னிடம் நீட்டினார். நான் குடித்து முடித்ததும் மாமாவும் வாங்கிக் குடித்தார். அக்கா வெறுஞ்செம்போடு நின்றார். கார் நிற்பதற்கு இனி ஒரு காரணமும் இல்லை. மாமா கதவைத் திறந்தார். மறுபடியும் சாத்தினார். அப்படியே காரைச் சுற்றிப் போய்ப் பின் டயரண்டை குந்தி, காற்று ஏற்றும் வாயின் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த ஊசியை நெருப்புக்குச்சியால் அமத்தினார். ‘ஸ்’ என்று சத்தம் வந்தது.

“மாமா, காத்துப் போகுது” என்று பதறினேன்.

“போகட்டும்.”

அக்கா செம்பால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது.

அன்று நாங்கள் வீடு திரும்பியபோது அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தார். புதுப் பம்பு எப்படி என்று கேட்டார். நூறு மிதியில் நிறைந்ததைச் சொன்னேன். மாமாவுக்குத்தான் அதைச் சரியாகப் பாவிக்கத் தெரியவில்லை, நல்ல டயரிலிருந்த காற்றை அவரே திறந்துவிட்டார் என்றும் சொன்னேன்.

அம்மாவின் கை நின்றது. “எந்த வீட்டுக்கு முன்னால?”

மருதமரம், வேலி, சோளன் என்று ஒரு குறிப்பையும் விடாமல் சொன்னேன்.

“அங்க ஆர் இருக்கிற?”

“நம்மட குடிக்காரங்கதான் அம்மா. ஒரு சின்னம்மா இருக்கிறா.”

அம்மா ஈரக் கையைச் சீலையில் துடைத்துவிட்டு என் தலையைத் தடவி, “நல்ல புள்ள” என்றார். பாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியபோதுகூட அம்மா என்னை அப்படித் தடவியதில்லை.

அதன்பிறகு மாமா கரடியனாற்றுப் பக்கம் போகவில்லை. போடியார் வேறு கார் பிடித்துக்கொண்டார். ஹயர் போய்விடும் என்று அவ்வளவு பயந்த அம்மா, இப்போது அதைப்பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மூன்று மாதத்தில் மாமாவுக்குக் கிரானில் பெண் பார்த்துக் கல்யாணமும் முடிந்தது. எங்கள் வழக்கப்படி இனி அவர் பெண் வீட்டில்தான் இருப்பார். மாமா தன் உடுப்புப் பெட்டியை எடுத்துப்போக வந்த நாளில், மூலையில் கிடந்த கால் பம்பை நான் இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டுபோய்க் காரில் ஏற்றினேன். பெரிய பாரம். மாமா கார்க் கதவைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்.

“இது இரிக்குது மாமா. இனி நீங்க வழியில எங்கயும் நிக்கத் தேவையில்ல” என்றேன்.

“ஓம் புள்ள. இனி எங்க நிக்கிற” என்றார் மாமா.

பம்பைத்தான் மெச்சுகிறார் என்று நினைத்துக்கொண்டு, கார் வாசல் படலையைத் தாண்டும்வரை கையைக் காட்டிக்கொண்டு நின்றேன்.