திருப்பிப் பிடித்த கிட்டார்

அண்ணனின் கிட்டாரைச் சுவரில் சாய்த்து வைக்க முடியாது. ஆங்கில வி எழுத்தைக் கவிழ்த்து வைத்தது போல அடிப்பக்கம் இரண்டு கால்களாகப் பிரிந்து, கூராக நீண்டிருக்கும். ஒரு கால் வழுக்கினால் மொத்தமும் தரையில் விழும். அதனால் அண்ணன் அதை மெத்தையில் படுக்க வைத்துவிட்டு, தான் கீழே பாய் போட்டுப் படுத்துக்கொள்வான். அவன் போய் நான்கு மாதம் ஆகிறது. கிட்டார் இன்னும் மெத்தையில்தான் கிடக்கிறது. அந்த அறையைக் கூட்டும்போது நான் அதைப் பார்க்காமல் கூட்டுகிறேன்.

ராக் வாசிக்கிற பையன்கள் இந்த மாதிரி கிட்டாரைப் பந்தாவுக்கு வாங்குவார்கள். அண்ணன் வாங்கியதற்கு வேறு காரணம். அவனுக்கு இடது கைதான் ஓடும். அம்மாவுக்கு அது பெரிய கவலை. அப்பா இறந்த பிறகு ஒரு கல்யாண வீட்டில் அண்ணன் வெற்றிலைத் தட்டைப் பீச்சாங்கையால் எடுத்து நீட்டினான். வாங்க வேண்டியவர்கள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். அப்பன் இல்லாத பிள்ளை, வளர்ப்பு அப்படி என்று யாரோ சொன்னது அம்மா காதில் விழுந்தது. அன்றிலிருந்து சாப்பிடும்போது அவனுடைய இடது கையைத் துண்டால் கால்சட்டையோடு சேர்த்துக் கட்டிவிடுவார். எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். சில வருடங்களில் அவன் வலது கையால் சாப்பிட்டான், எழுதினான். மகனைச் சரி பண்ணிவிட்டேன் என்று அம்மா நிம்மதியாக இருந்தார்.

கிட்டாரை மட்டும் அவன் பழைய கையிலேயே கற்றுக்கொண்டான். போர்ட் கிள்ளானில் லோரியில் சாமான் ஏற்றும் வேலை அவனுக்கு. கூட வேலை செய்த ஒருவரின் கிட்டாரை இரவல் வாங்கி, கம்பிகளை மாற்றாமல் அப்படியே தலைகீழாகத் திருப்பிப் பிடித்து, நண்பர்கள் வீட்டில் பழகினான். அம்மா முன்னால் வாசித்ததே இல்லை. ஆனால் சாதாரண கிட்டாரைத் திருப்பிப் பிடித்தால், விரல் போவதற்காக வளைத்து வெட்டியிருக்கும் இடம் மேலே போய்விடும். கீழே இருக்கும் மொத்தக் கட்டை கையைத் தடுக்கும். மேல் சுரங்களுக்கு அவன் விரல் எட்டவே எட்டாது. அவன் சேர்ந்திருந்த பேண்டில் பாடுகிற மலாய்க்கார அண்ணன் நல்லவர்தான். இருந்தாலும், சனிக்கிழமை பெட்டாலிங் ஜெயா மண்டபத்தில் நடக்கும் ஷோவுக்குள் ஒரு வழி பண்ணு, இல்லாவிட்டால் உன் இடத்தில் வேறு ஆள் வாசிக்கட்டும் என்று சொல்லிவிட்டார். இடது கைக்காரர்களுக்கான கிட்டார் எந்தக் கடையிலும் இல்லை. அப்போதுதான் பிரிக்பீல்ட்ஸ் கடை ஒன்றில் இது தொங்குவதாகத் தெரிந்தது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் கிட்டார். எப்படித் திருப்பினாலும் தடுக்காது.

எங்கள் வீட்டில் எந்தப் புதுப் பொருளும் அம்மா கையால் வாங்கித்தான் புழங்க வேண்டும். அண்ணனின் மோட்டார் சைக்கிள் சாவியும் அப்படித்தான் வந்தது. கிட்டார் வாங்கப் போகிறோம் என்றதும் அம்மா சேலை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். பஸ்ஸில் அவர் முன் சீட்டில் உட்கார, அண்ணன் என் காதருகே குனிந்தான். "வாசிச்சுப் பாக்காமலே வாங்கிருவேன். நீ வாயத் தொறக்காத" என்றான்.

கடையில் அது நடக்கவில்லை. கடை முதலாளியான சீனத் தவுக்கே விடவில்லை. விற்ற பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன், வாசித்துப் பார்த்து எடு என்று மலாயில் சொல்லி, கிட்டாரை இறக்கி ஸ்பீக்கரில் மாட்டிக் கொடுத்தார். அண்ணன் முக்காலியில் உட்கார்ந்து, எல்லாரும் பிடிப்பது போலவே பிடித்தான். தொடையிலிருந்து அது வழுக்கிக்கொண்டே போனது. அம்மா சிரித்தார். "என்னய்யா இது, மடியில கூட ஒக்கார மாட்டேங்குது."

வலது கையால் கம்பியைத் தட்டினான். சத்தம் பிசிறியது. இன்னொரு முறை தட்டினான், அதுவும் அப்படித்தான். கம்பி வாங்க வந்திருந்த ஒரு தமிழ்ப் பையன், "அண்ணே, இப்பத்தான் கிளாஸ் சேந்திருக்கீங்களா?" என்று கேட்டான். தவுக்கேயும் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. ஊரெல்லாம் பேண்டில் இருக்கிறான் என்று சொல்லி வைத்திருந்த மகனுக்கு இரண்டு நிமிடம் வாசிக்கத் தெரியவில்லை என்று நினைத்திருப்பார். அவன் தோளைத் தொட்டு, மெதுவாக, "வேணாம்யா. இன்னும் கொஞ்சம் பழகிட்டு வந்து வாங்கலாம். வா போலாம்" என்றார். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்துத் திரும்பிவிட்டார்.

அண்ணன் என்னைப் பார்த்தான். எழுந்து நின்றான். பட்டையைத் தோளில் போட்டு, கிட்டாரைத் தலைகீழாகத் திருப்பினான். சத்தம் கூட்டிக் குறைக்கும் திருகுகள் மேல் பக்கம் வந்து அவன் முழங்கையில் இடித்தன. அதை அவன் கவனித்ததாகவே தெரியவில்லை. இடது கையை ஓங்கி இறக்கினான். கடைக் கண்ணாடி அதிர்ந்தது. பிறகு வலது கை விரல்கள் கிட்டாரின் கழுத்தின் மேலேறி, இதுவரை எட்டாத இடம் எல்லாவற்றையும் தொட்டு ஓடின. அந்தப் பையன் வாயைத் திறந்தபடி நின்றான். நான் அம்மாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலுக்குப் போகத் திரும்பியவர் அங்கேயே நின்று, அவனுடைய இடது கையையே பார்த்தார்.

சத்தம் அடங்கியதும், "எத்தன நாளா?" என்றார்.

"கத்துக்கிட்டதுல இருந்தே மா."

 தவுக்கே பையில் போட்டுக் கொடுத்ததை அம்மா வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு அண்ணனிடம் நீட்டினார். அவன் கவனமாக வலது கையால் வாங்கினான்.

சனிக்கிழமை அவனே வாசித்தான். அம்மா வரவில்லை, வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டார். நான் போனேன். அதற்குப் பிறகு அவன் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஸ்பீக்கர் இல்லாமல் வாசிப்பான். அம்மாவின் செருப்புச் சத்தம் அறைப் பக்கம் வந்தால் நிறுத்திவிடுவான். அம்மாவும் அங்கே நிற்காமல் போய்விடுவார். கோபமா என்று அவன் என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தான். எனக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் கேட்க எனக்கும் பயம். இப்படியே ஆறேழு மாதம் ஓடியது. பிறகு ஒரு சாயங்காலம் மழையில், வேலை முடிந்து வரும் வழியில், அவன் மோட்டார் சைக்கிள் ஒரு லோரிக்கு அடியில் போய்விட்டது.

பதினாறாம் நாள் படையலுக்குப் படம் வேண்டும். அவனை நல்லபடியாக எடுத்த படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. பேண்டில் பாடுகிற மலாய்க்கார அண்ணன், ஷோவில் யாரோ எடுத்த படத்தின் நெகட்டிவைக் கொண்டுவந்து தந்தார். கிள்ளானில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கச் சொன்னோம். வாங்கப் போன அன்று ஸ்டூடியோக்காரர் பேப்பரைப் பிரித்துக் காட்டினார். அண்ணன் தலைமுடி முகத்தில் விழ, கண்ணை மூடி, கிட்டாரோடு நின்றான். எனக்கு அழுகை வந்து சரியாகப் பார்க்கக்கூட முடியவில்லை. அம்மா அழவில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது மாறி இருக்கு" என்றார்.

ஸ்டூடியோக்காரர் நல்ல மனதோடுதான் சொன்னார். "ஆமா ஆன்டி. நெகட்டிவ்ல பாத்தா பீச்சாங்கையில வாசிக்கிற மாதிரி தெரிஞ்சுச்சு. சாமி ரூம்ல வைக்கிற படம்லா, நல்லாருக்காதேன்னு நான்தான் திருப்பிப் போட்டு சரி பண்ணேன்."

கிட்டாரின் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருப்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. எனக்கே தெரியவில்லை. அம்மா படத்தை மேசைமேல் அவர் பக்கமாகத் தள்ளினார்.

"எம்பிள்ள பீச்சாங்கையிலதான் வாசிப்பான். இருந்த மாதிரியே போட்டுக் குடுங்க."

ஸ்டூடியோக்காரர் என்னைப் பார்த்தார். இன்றைக்கு முடியாது ஆன்டி, நாளைக்குப் படையல் என்கிறீர்கள், இதையே எடுத்துக்கொண்டு போங்களேன் என்று ஏதேதோ சொன்னார். அம்மா சுவரோரம் கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் நின்று பார்த்த ஸ்டூடியோக்காரர், நெகட்டிவை எடுத்துக்கொண்டு உள்ளே போய் இருட்டறையின் கதவைச் சாத்தினார்.