நான் தேய்த்து அழித்த பெயர்

எனக்கு ஒழுங்காக எழுத வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போது மறதியும் கூடிவிட்டது. நடந்ததை மகளிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேனாம். அதனால் எழுதி வைத்துவிடச் சொன்னாள்.

எழுபத்தெட்டாம் வருடமாக இருக்கலாம், எழுபத்தொன்பதாகவும் இருக்கலாம். இலங்கை மலையகத்தில், கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். தோட்டங்களை அரசாங்கம் எடுத்து, வெள்ளைக்காரத் துரைமார் எல்லாரும் போய்ச் சில வருடம் ஆகியிருந்தது. அவர்கள் கட்டிய சின்ன வேதக்கோயில் மட்டும் மலை மேல் இருந்தது. எங்கள் குடும்பம் வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். மாதம் ஒரு தடவை ஹட்டனிலிருந்து பாதர் வந்து பூசை வைப்பார். கோயிலைக் கூட்டித் துடைக்கிற வேலையை நான் கேட்டு வாங்கிச் செய்தேன். சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் வாளியோடு மேலே ஏறிவிடுவேன்.

கோயில் சுவரில் ஒரு பித்தளைத் தகடு. அதில் ஆறு வரி இங்கிலீஷ் எழுத்து. எங்கள் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து முதலாம் உலக யுத்தத்துக்குப் போய்ச் செத்த, பெரிய துரைக்குக் கீழே இருந்த சின்னத்துரைமார் பேர் அது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருந்தேன். எனக்கு அதை வாசிக்கத் தெரியாது. ஆனால் அந்தத் தகடு பளபளவென்று இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். மலையில் எந்நேரமும் மூடுபனி, ஒரு கிழமை விட்டாலும் பச்சை பிடித்துவிடும். புளி போட்டுத் தேய்ப்பேன். லயத்து வீட்டு வரிசையில் பக்கத்துக் காம்பராக்காரி கேலி செய்வாள்.

"என்னாக்கா, அந்தத் தகட்டப் பாத்துத்தான் தல சீவுறீங்களோ?"

அதற்கு முன்னால், எழுபத்து மூன்று, நான்கில் சாமான் தட்டுப்பாடு வந்தது. கடையில் புளியைக் கண்ணால் காண முடியவில்லை. கிடைத்த கொஞ்சமும் சட்டிக்கே போதாது. நான் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரை மணலைச் சலித்து, சாம்பலோடு கலந்து தேய்க்கத் தொடங்கினேன். புளியைவிட நன்றாகப் பளிச்சென்று வந்தது. பிறகு புளி கிடைத்த காலத்திலும் மணலை விடவில்லை.

எழுபத்தெட்டோ ஒன்பதோ, ஒரு சனிக்கிழமை நான் பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பாதர் உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் கம்பு ஊன்றிக்கொண்டு ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா. எழுபது வயது இருக்கும். மழையில் நனைந்திருந்தார். கணுக்காலில் இரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அவருக்கு அது தெரியவில்லை.

"பாதருங்க, தொரசாணி கால்ல அட்டைங்க," என்றேன்.

வாளியில் இருந்த சவுக்காரத் தண்ணீரைத் தொட்டு வைத்தேன், அட்டை விழுந்தது. அந்த அம்மா அட்டையைக் குனிந்து பார்த்து என்னவோ சொல்லிச் சிரித்தார்.

"அவுங்க ஊர்ல பாம்பே கெடையாதாம். இங்க கடிக்கிறதுக்கு வரிசையில நிக்குதேங்கிறாங்க," என்றார் பாதர்.

பிறகு அந்த அம்மா நேராகத் தகட்டுக்குப் போனார். கண்ணாடியைப் போட்டு, மேலிருந்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தார். நாலாவது வரியில் விரல் நின்றது. அங்கே எழுத்து இல்லை. வழவழவென்று இருந்தது. நான் அதுவரை அதை ஒரு குறையாக நினைக்கவே இல்லை. மற்ற வரிகளைவிட அந்த இடம் நன்றாக மின்னுகிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

பாதர் கூரையைக் காட்டி அவரிடம் ஏதோ சொன்னார். என்னிடம் திரும்பி, "ஒழுகி ஒழுகி ஈரம் தின்னுருச்சுன்னு சொல்லிட்டேன். அறுபது வருஷம் ஆச்சுல்ல," என்றார்.

நான் தலையை ஆட்டினேன். அந்த அம்மாவும் கூரையைப் பார்த்துவிட்டு நம்பிவிட்டார். அதோடு முடிந்திருக்கும்.

ஆனால் அவர் பெஞ்சில் உட்கார்ந்து பேசத் தொடங்கினார். பாதர் இடையிடையே எனக்கும் சொன்னார். அவர் இங்கிலாந்துக்காரர் இல்லையாம். பக்கத்தில் அயர்லாந்து என்று ஒரு தீவாம். அவருடைய அண்ணன் இந்தத் தோட்டத்தில் சின்னத்துரையாக இருந்து, யுத்தத்துக்குப் போய்ச் செத்தவர். அப்போது இவர் சின்னப் பிள்ளை. அவர்களுடைய ஊரில் எத்தனையோ இளந்தாரிகள் அப்படிப் போனார்களாம். அவர்கள் போன பிறகு அந்த நாட்டுக்காரர்கள் இங்கிலாந்து ராஜாவை எதிர்த்துச் சண்டைக்கு நின்றுவிட்டார்கள். ராஜாவின் உடுப்பைப் போட்டவன் என்றால் ஊரில் தலைகுனிவு. உயிரோடு திரும்பியவர்கள் வாய் திறக்கவில்லை. செத்தவர்களைப் பற்றி வீட்டில் பேச்சே இல்லை. இவருடைய அப்பா அண்ணன் பேரைச் சொல்லக்கூடாது என்று சொல்லிவிட்டாராம். ஊரில் நினைவுக் கல்லும் இல்லை, பேரும் இல்லை.

"இந்தத் தோட்டத்துப் பெரிய தொர அப்ப அவுங்கம்மாவுக்கு ஒரு கடுதாசி எழுதிருக்காரு, கோயில்ல பேர வெட்டிட்டோம்னு. அம்மா செத்த பொறகுதான் அது கையில கெடச்சிருக்கு. மத்த அஞ்சு பேரு வேற ஆளுங்க. இந்த நாலாவது வரிதான் அண்ணனா, இல்ல ஆறுதலுக்குச் சும்மா எழுதுன கடுதாசியா, தெரியலியேங்கிறாங்க," என்றார் பாதர்.

என் காலடியில் மணல் டப்பா இருந்தது. அதைச் சேலையால் மறைத்துக்கொண்டு நின்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நான் கூட்டத்தில் வாய் திறக்காதவள், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டாலே குரல் வராது. ஆனாலும் அந்த அம்மா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது சும்மா நிற்க முடியவில்லை.

"ஈரம் தின்னலிங்க பாதர். நாந்தான் மணலு போட்டுத் தேச்சுட்டேன்."

"மணலா?"

"ஆமாங்க. கெட்டது நெனச்சுத் தேக்கலிங்க."

"ஏம்மா, பித்தளையில எழுதியிருக்கிறத மணலு போட்டா தேப்பாங்க? நீ என்ன சட்டியா கழுவுற?"

அந்த அம்மா என்னவென்று கேட்டார். பாதர் தயங்கினார். "மறைக்காமச் சொல்லுங்க பாதர்," என்றேன். சொன்னார். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார், என் வாளியைப் பார்த்தார். திட்டியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அழியிறதுக்கு முன்ன அதுல என்னா இருந்துச்சு, ஞாபகம் இருக்கான்னு கேக்குறாங்க," என்றார் பாதர்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதுங்களே," என்றேன். ஆனால் சொல்லும்போதே ஒன்று ஞாபகம் வந்தது. அந்த வரியில் மட்டும், எழுத்து முடிகிற இடத்தில், ஒரு சின்ன இலைக் கொத்து வெட்டியிருந்தார்கள். தேயிலைத் தோட்டம்தானே, கொழுந்து போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். அதன் இடுக்கில்தான் பச்சை அதிகம் பிடிக்கும். அதனால் அந்த வரியில் எப்போதும் கை அதிகம் அழுந்தும்.

டப்பாவிலிருந்த சாம்பலைப் பெஞ்சில் தூவி, கொழுந்து என்று சொல்லி விரலால் அதைப் போட்டுக் காட்டினேன். பாதர் எட்டிப் பார்த்தார்.

"கொழுந்துங்கிற, ரெண்டு எலைக்கு நடுவுல மொட்டக் காணோமே?"

"மொட்டு இல்லிங்க. மூணுமே உருண்ட எலதான், ஒரே அளவு. வெட்டுனவனுக்குக் கொழுந்தத் தெரியல போலன்னு நானும் நெனச்சிருக்கேன்."

பாதர் சிரித்துவிட்டார். அந்த அம்மா சிரிக்கவில்லை. எழுந்து வந்து சாம்பலைக் குனிந்து பார்த்தார். வேறு வரியில் இந்த இலை இருந்ததா என்று பாதர் மூலம் இரண்டு தடவை கேட்டார். இல்லை என்றேன். அது அவர்கள் நாட்டுக்கே அடையாளமான இலையாம். அண்ணன் படைத் தொப்பியில் அதுதான் இருந்ததாம். அவருடைய அம்மா பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த படத்தில் பார்த்திருக்கிறார்.

கைப்பையிலிருந்து தாளும் பென்சிலும் எடுத்து என்னிடம் நீட்டினார். பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் பென்சில் பிடித்ததே இல்லை. இலை கோணலாகத்தான் வந்தது. திருத்தவா என்று சைகையால் கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டி, தாளை மடிக்காமல் ஒரு புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். பிறகு தகட்டின் அந்த வரியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

போகும்போது வாசலில் நின்று பாதரிடம் ஏதோ சொன்னார்.

"இனிமே தண்ணியும் துணியும் போதுமாம்," என்றார் பாதர்.

பிறகு நான் அந்த அம்மாவைப் பார்க்கவில்லை. எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு நாங்கள் வட்டவளைப் பக்கம் வந்துவிட்டோம். அந்தக் கோயில் பூட்டிக் கிடக்கிறது என்று கேள்வி. தகடு இருக்கிறதோ இல்லையோ.

உண்மையைச் சொன்னதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் ஒரு விஷயம் இன்னும் மனதில் கிடக்கிறது. நான் சொன்னதை அந்த அம்மா அப்படியே நம்பிப் போய்விட்டார். அயர்லாந்திலிருந்து எத்தனையோ பேர் அந்த யுத்தத்துக்குப் போனார்களாம், எல்லார் தொப்பியிலும் அந்த இலைதான் இருந்ததோ என்னவோ. பக்கத்துத் தோட்டங்களிலும் அந்த ஊர்க்காரச் சின்னத்துரை வேறு யாராவது இருந்திருந்தால், நான் அவருக்கு வேறொரு வீட்டுப் பிள்ளையை அண்ணனாகக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். பழைய தோட்டப் புத்தகங்களைப் பார்க்க வசதியுள்ளவர்கள் யாராவது அந்த ஆறு பேர் யார் யார் என்று பார்த்து, நான் சொன்னது சரியா பிழையா என்று எழுதினால் புண்ணியமாக இருக்கும். அந்த அம்மா இப்போது இருக்கமாட்டார், இருந்தாலும் அந்தப் பெயரை அழித்தவள் நான், எனக்காவது தெரிய வேண்டும்.